நயினார்: ஒரு பட்டத்தின் வரலாறு

தமிழ்ச் சமணர் இல்லத் திருமண அழைப்பிதழ்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படும். பாட்டனாரின் பெயர் இறுதியில் 'நயினார்' என்னும் பட்டம் முழுமையாக நிற்கும். தந்தையாரின் பெயருக்கு முன் தலைப்பெழுத்துகள் மட்டுமே இருக்கும், பட்டம் இராது. மணமகன் வெளிமாநிலத்திலோ அயல்நாட்டிலோ பணிபுரிபவராயின் அவர் பெயரின் பின் 'ஜெயின்' என்னும் சொல் காணப்படும். மூன்று தலைமுறையினர் ஒரே அழைப்பிதழில் மூன்று வழக்குகளைப் பின்பற்றியுள்ளனர். அவர்கள் ஒரு குடும்பத்தினர் என்பதைக் காட்டுவது மேலே அச்சிடப்பட்டிருக்கும் ஊரின் பெயர் ஒன்றே.

இம்மாற்றம் எவரும் வற்புறுத்தியதால் வந்ததன்று. காலத்தின் தேவையும் அலுவலகப் படிவங்களும் கல்வியும் பயணமும் கூடி இதனைக் கொணர்ந்தன. ஆயினும், ஒரு சொல்லின் பொருளை அறியாமலே அதனைக் கைவிடுவது எவ்வாறு குறையோ, அவ்வாறே அதன் வரலாற்றை அறியாமல் அதனைப் பெருமையாகச் சூடிக்கொள்வதும் குறையே. ஆதலின் 'நயினார்' என்னும் சொல் எங்குப் பிறந்தது, எவரெவரால் ஆளப்பட்டது, தமிழ்ச் சமணரிடம் எத்தகைய பொருளில் நிலைத்தது, இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றை ஆராய்ந்து காண்பது பயனுடையதாகும்.

சொல்லின் பிறப்பு

'நயினார்' என்பதன் முந்தைய வடிவம் 'நாயனார்'. இஃது 'நாயன்' என்னும் சொல்லுடன் 'ஆர்' என்னும் உயர்வுப் பன்மை விகுதி சேர்ந்து அமைந்தது. நாயன் என்பதற்குத் தலைவன், ஆண்டவன், உடையவன் என்பன பொருள். 'நாயகன்' என்பதே ககரம் கெட்டு 'நாயன்' என வழங்கலாயிற்று. இரண்டு உயிர்களுக்கு இடையில் நிற்கும் ககரம் மெலிந்து கெடுதல் பிராகிருத மொழிகளின் இயல்பு என்பதும், அப்பிராகிருதமே சமண ஆகமங்களின் மொழி என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

'நாயனார்' என்பதன் முதல் நெடில் குறுகி 'நயனார்' ஆகி, யகரத்தின் மேல் நின்ற அகரம் இகரமாகத் திரிந்து 'நயினார்' ஆயிற்று. 'பயறு' என்பதைப் பேச்சில் 'பயிறு' என்பார் உளர்; அத்தகைய திரிபே இதுவும். பின்னர் 'அயி' என்னும் ஒலி 'ஐ' எனச் சுருங்கி 'நைனார்' என்னும் வடிவும் தோன்றியது. வயிரம் 'வைரம்' எனவும், கயிலை 'கைலை' எனவும் வழங்குதல் போன்றதே இது. எனவே நாயனார், நயினார், நைனார் என மூவகையாக எழுதினும் சொல் ஒன்றே. ஆங்கிலத்தில் உடன்பிறந்தார் இருவர் இருவேறு வகையாக எழுதி, அதனால் சான்றிதழ்களில் இடர்ப்படுவதும் உண்டு. அவ்வேறுபாடு எழுத்தின்பாற்பட்டதே ஒழியக் குடியின்பாற்பட்டது அன்று.

'நயம்' என்பதிலிருந்து இச்சொல் வந்தது என்றும், கண்ணைக் குறிக்கும் 'நயனம்' என்பதிலிருந்து வந்தது என்றும் சிலர் விளக்குவர். இவை கேட்க இனியவை. ஆயினும் 'நாயனார்' என்னும் பழைய வடிவத்தை நோக்குங்கால் இவ்விளக்கங்கள் நில்லா.

இச்சொல்லின் உறவினச் சொற்கள் பல. தெலுங்கில் தந்தையை 'நாயனா' என்பர். தமிழகத்தில் வாழும் தெலுங்கர் இல்லங்களில் அது 'நைனா' என வழங்கிச் சென்னைப் பேச்சிலும் கலந்துவிட்டது. நாயக்கர், நாயுடு என்னும் பட்டங்களும் நாயகன் என்பதன் வழிவந்தவையே. கேரளத்தில் மும்முறை முதலமைச்சராக இருந்த இ. கே. நாயனாரின் பெயரில் இதன் பழைய வடிவம் இன்றும் காணப்படுகிறது. நாயன் என்பதற்குப் பெண்பால் 'நாய்ச்சி'. அதுவே மருவி 'நாச்சி' ஆகி, உயர்வு விகுதி பெற்று 'நாச்சியார்' ஆயிற்று. எனவே நயினாரும் நாச்சியாரும் ஒரே வேரில் கிளைத்த இரு சொற்கள் ஆகும்.

இறைவனைக் குறித்த சொல்

தொடக்கத்தில் இச்சொல் மக்களுக்கு உரிய பட்டமாக மட்டும் இருந்ததன்று. கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனையும் அது குறித்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறைவனை 'உடையார்' என்று குறிப்பதைக் காணலாம். பிற்காலச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'நாயனார்' என்னும் சொல்லும் அவ்வாறே இறைவனைக் குறித்து வருகிறது. ஊரை உடையவர், அடியாரை ஆள்பவர் என்பதே அதன் கருத்து.

சமணக் கோயில்களிலும் இவ்வழக்கு இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்தில் விசயநகர அரசின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பரின் கொடையைக் கூறும் கல்வெட்டு உள்ளது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்த அக்கல்வெட்டு, கோயிலின் இறைவனாகிய திரைலோக்கிய வல்லபரை 'நாயனார்' என்றே குறிக்கிறது. மூவுலகும் போற்றும் அருகக் கடவுளை, அக்காலத்துத் தமிழர் சிவபெருமானைக் குறித்த அதே சொல்லால் குறித்துள்ளனர். சமயம் வேறாயினும் வணக்கத்தின் மொழி ஒன்றாகவே இருந்தது.

இறைவனைக் குறித்த இவ்வழக்கு ஊர்ப்பெயர்களிலும் விழாப்பெயர்களிலும் இன்றளவும் நிலவுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவில் அங்குள்ள நாகநாதர் ஆலயத்தால் பெயர் பெற்றது. திருநெல்வேலியில் நயினார்குளம் உள்ளது. புதுச்சேரியில் நயினார்மண்டபம் உள்ளது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் நயினார்பாளையம் உள்ளது. சித்திரைத் திங்கள் முழுநிலவு நாளில் சித்திரகுப்தரை முன்னிட்டு நோற்கப்படும் நோன்பைத் தென்மாவட்ட மக்கள் 'சித்திரபுத்திர நயினார் நோன்பு' என்பர். அம்மாவட்டங்களில் நயினார் என்பது பட்டமாக அன்றி ஆண்மக்களுக்கு இடும் இயற்பெயராகவே வழங்குவதற்கும் இதுவே காரணம்.

பல சமயத்தார் சூடிய பட்டம்

இறைவனுக்கு உரிய சொல் இறைவனுக்குத் தொண்டு பூண்ட பெரியோர்க்கும் உரியதாதல் தமிழ் மரபு. சைவ அடியார் அறுபத்துமூவரும் நாயனார் எனப்பட்டனர். நாயன்மார் என்பது அதன் பன்மை. சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கியவராகப் பெரியபுராணம் கூறும் அப்பரடிகள், சைவ மரபில் 'திருநாவுக்கரசு நாயனார்' ஆனார். சமணத்தோடு மாறுபட்டு நின்றோர் தாங்கிய பட்டமும், சமணர் தம் பெயருடன் தாங்கிய பட்டமும் ஒன்றாயிருத்தல் வியப்பளிக்கலாம். சொல்லின் பொருளை அறிந்தார்க்கு வியப்பு இராது. அது சமயத்தின் பெயர் அன்று, மதிப்பின் பெயர்.

வைணவத்திலும் இப்பட்டம் உண்டு. ஆசார்ய ஹ்ருதயம் இயற்றியவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். வேதாந்த தேசிகரின் திருமகனார் நயினாராசாரியர் என அழைக்கப்பெற்றார். எச்சமயத்தாரும் தம்மவர் என உரிமை கொண்டாடும் திருக்குறள் ஆசிரியரை 19ஆம் நூற்றாண்டின் தமிழ் நூல்கள் 'திருவள்ளுவ நாயனார்' என்றே குறித்தன.

தமிழ் முஸ்லிம்களிடையேயும் நயினார், நெய்னார், நெய்னா என்னும் வடிவங்கள் வழங்குகின்றன. கடற்கரை ஊர்களின் மரைக்காயர் குடும்பங்களில் இதனை மிகுதியாகக் காணலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறையின் தலைவராக விளங்கிய எஸ். முகம்மது ஹுசைன் நயினார், தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலார் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து 1942ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். இந்துக்களுள் பார்க்கவ குலத்தினரிடையே உடையார், மூப்பனார் என்னும் பட்டங்களுடன் நயினார் என்னும் பட்டமும் உள்ளது.

ஆகவே நயினார் என்னும் பெயரை மட்டும் கொண்டு ஒருவரைச் சமணர் என்று துணிதல் இயலாது. சமணர் அல்லாத ஒருவர் அப்பெயர் பூண்டிருப்பது கண்டு, அவர்தம் முன்னோர் சமணராக இருந்து மதம் மாறியவர் என்று முடிவு செய்தலும் பொருந்தாது. தமிழகம் தன்னால் மதிக்கப்பட்டோர் பலர்க்கும் பொதுவாக அளித்த பட்டம் இது. அவ்வாறு மதிக்கப்பட்டோருள் தமிழ்ச் சமணரும் ஒரு சாரார் ஆவர்.

தமிழ்ச் சமணரிடம் இப்பட்டம்

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், காஞ்சிபுரம் ஆகிய வட்டாரங்களில் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். மேல்சித்தாமூர் ஜினகஞ்சி மடம் அவர்தம் சமயத் தலைமையிடம். இவ்வூர்களில் சமணர் பெரும்பாலும் நிலம் உடைய உழவர். ஊரார் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்காது 'நயினார்' என்றே அழைப்பது வழக்கமாயிற்று. ஓர் ஊரில் 'நயினார் வீடு' என்றால் அது சமணர் வீடு என்பது எவர்க்கும் விளங்கும். தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் என்பதினும், அண்டை அயலார் நாள்தோறும் அழைத்து நிலைபெறச் செய்த பெயர் என்பதே பொருந்தும்.

எனினும் தமிழ்ச் சமணர் அனைவரும் நயினார் என்னும் பட்டம் உடையவர் அல்லர். முதலியார், செட்டியார், உடையார், ராவ், தாஸ் என்னும் பட்டங்களும் அவர்களிடையே உள்ளன. தமிழகத்தின் பிற சமூகங்களில் இத்தகைய பட்ட வேறுபாடு சாதி வேறுபாட்டைக் காட்டும். தமிழ்ச் சமணரிடம் அவ்வாறு இல்லை. ஒரு நயினார் இல்லத்துப் பெண் முதலியார் இல்லத்துக்கு மருமகளாகச் செல்வதும், செட்டியார் இல்லத்துப் பெண் நயினார் இல்லத்துக்கு வருவதும் இயல்பாக நிகழ்வன. பட்டம் பலவாயினும் கொண்டு கொடுக்கும் உறவு ஒன்றே. எனவே இங்கு நயினார் என்பது சாதியின் பெயராகவோ உட்பிரிவின் பெயராகவோ கருதப்பட்டதில்லை.

இதற்குத் தமிழிலக்கிய வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றார். அங்குச் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, சமண சமயக் கொள்கைகளும் வழக்கங்களும் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று ஐயங்களைப் போக்கிக்கொண்டார். அவருக்கு உதவியோருள் சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் செட்டியார், மற்றவர் நயினார். இருவரும் ஒரே அறத்தைப் பின்பற்றியவர். ஒரே காப்பியத்தைப் போற்றியவர். 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சில் வந்து தமிழுலகின் கண்களைத் திறந்தது. ஏட்டில் இருந்த எழுத்துகளுக்குப் பொருள் கூறியவர் நெஞ்சில் இருந்த சமய அறிவும் அப்பதிப்பில் கலந்துள்ளது.

தாயனூர் உணர்த்தும் செய்தி

பட்டத்தின் மதிப்பு எதனால் நிலைக்கிறது என்பதை உணர, செஞ்சி வட்டாரத்துச் செவிவழிச் செய்தி ஒன்று துணைபுரியும். 1906ஆம் ஆண்டு வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியிலும் இது பதிவு செய்யப்பட்டுள்ளது. செஞ்சியை ஆண்ட மன்னன் ஒருவன் மணவுறவு குறித்து எழுந்த பூசலால் சினந்து, 1478ஆம் ஆண்டு சமணர்களைக் கொல்லுமாறு ஆணையிட்டான் என்பது அச்செய்தி. சிலர் உயிர் இழந்தனர். சிலர் ஊரைவிட்டு நீங்கினர். சிலர் மறைவாகத் தம் நெறியைப் பின்பற்றினர். பலர் பூணூலை நீக்கி நெற்றியில் நீறு பூசிச் சைவர் ஆயினர். அவ்வாறு ஆனவர்க்கு 'நீறுபூசி வேளாளர்' என்னும் பெயர் உண்டாயிற்று.

திண்டிவனத்தை அடுத்த வேலூர் என்னும் சிற்றூரில் வீரசேனாசாரியர் என்பவர் ஒரு கிணற்றருகே சமண முறைப்படி நியமம் செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். மன்னனுக்கு அன்று மகவு பிறந்திருந்தமையால் அவர் உயிர் தப்பினார்; சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு கற்றார். தாயனூரைச் சார்ந்த காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையம் சமீன்தாரின் ஆதரவைப் பெற்று, சிரவணபெளகொளா சென்று வீரசேனாசாரியரை அழைத்து வந்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று, நெறி மாறியவர்களை மீண்டும் அருகன் அறத்துக்கு அழைத்தனர். அந்நன்றியை மறவாமல், விழாக் காலங்களில் அவர்தம் வழியினருக்கு முதல் தாம்பூலம் அளிக்கும் வழக்கம் ஏற்பட்டது என அச்சுவடி கூறுகிறது.

இச்செய்தியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. நெற்றிக் குறியும் மார்பின் நூலும் ஒரே நாளில் மாறக்கூடியவை என்பது ஒன்று. காங்கேய உடையாரின் பெயர் இன்றும் மறவாமல் சொல்லப்படுவது 'உடையார்' என்னும் பட்டத்தின் வலிமையால் அன்று, அவர் செய்த செயல் வாய்மொழியாகத் தலைமுறைதோறும் சொல்லப்பட்டு வந்தமையால் என்பது மற்றொன்று. வரலாற்றோடு சேர்ந்த பட்டம் நிலைக்கும். வரலாறு மறந்தபின் பட்டம் வெறும் ஒலியாக எஞ்சும்.

பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார்

20ஆம் நூற்றாண்டில் இப்பட்டத்தை அறிவுலகம் அறியச் செய்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். 1880ஆம் ஆண்டு பிறந்த அவர் தத்துவப் பேராசிரியராக விளங்கினார். இந்தியக் கல்விப் பணியில் உயர்ந்து, கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். சாமிநாதையர் சமண நண்பர்களிடம் சிந்தாமணிக்குப் பொருள் கேட்ட அதே ஊரில், அதே கல்லூரியில், பின்னாளில் ஒரு சமணர் முதல்வரானார்.

குந்தகுந்த ஆசாரியரின் பஞ்சாஸ்திகாய சாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். சமய திவாகர வாமன முனிவரின் உரையுடன் நீலகேசியை 1936ஆம் ஆண்டு பதிப்பித்தார். தமிழில் உள்ள சமண இலக்கியங்களை விளக்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941ஆம் ஆண்டு வெளிவந்தது. திருக்குறள் ஏலாசாரியராகிய குந்தகுந்தர் அருளியது என்னும் சமண மரபின் கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். 1960ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் வாழ்ந்த காலத்தில்தான் முகம்மது ஹுசைன் நயினாரும் சென்னையில் அரபு நூல்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒருவர் பிராகிருதத்தையும் தமிழையும் இணைத்தார். மற்றவர் அரபையும் தென்னாட்டு வரலாற்றையும் இணைத்தார். சமயத்தால் வேறுபட்ட இரு பேரறிஞர் ஒரே பட்டத்தைத் தாங்கி ஒரே நகரில் கல்விப் பணி செய்தமை, இச்சொல்லின் பரந்த வரலாற்றுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

பட்டம் குறைந்தது எவ்வாறு

தமிழகத்தில் பெயரின் பின் பட்டம் சேர்க்கும் வழக்கம் குறைந்ததற்குத் தக்க காரணம் உண்டு. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதியைக் குறிக்கும் பட்டங்களை நீக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பெயரின் வால் கொண்டு ஒருவரை உயர்த்துவதும் மற்றவரைத் தாழ்த்துவதும் ஒழிய வேண்டும் என்னும் அக்கருத்து படிப்படியாகப் பரவியது. பள்ளிப் பதிவேடுகளில் தந்தை பெயரின் முதலெழுத்தும் மாணவரின் பெயரும் மட்டுமே எழுதப்பெற்றன. தமிழ்ச் சமணரும் இவ்வழக்கை ஏற்றனர். 'தமிழகத்தில் ஜைனம்' எழுதியவரும், உயிர்ப்பலி ஒழிப்புக்குத் தம் வாழ்நாளை அளித்தவருமான ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால் எப்பட்டமும் இன்றியே அறியப்பட்டார். 'ஜீவபந்து' என்னும் சிறப்பு அவர்தம் தொண்டினால் வந்தது.

இம்மாற்றத்தைக் குறைகூறுதல் தகாது. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வைச் சமண அறம் ஒருபோதும் ஏற்றதில்லை. சாதிப் பட்டம் நீங்குதல் அவ்வறத்துக்கு உடன்பாடானதே. ஆனால் தமிழ்ச் சமணரிடம் சாதியைக் குறியாத ஒரு சொல்லும் அந்த அலையில் சேர்ந்து சென்றது. அச்சொல்லோடு அதன் பொருளும் மறதிக்கு உள்ளானது.

இன்று இப்பட்டம் தாங்கியோர் எத்தனை பேர் என்பதற்கு அரசின் கணக்கு இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பட்டப்பெயர்களை எண்ணுவதில்லை. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 0.12 விழுக்காடு. வடமாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய சமணரும் இத்தொகையில் அடங்குவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர் இதில் ஒரு பகுதியினரே. அவர்களுள்ளும் பட்டத்தை எழுதுவோர் சிறுபான்மையினரே. ஒரு சிறிய சமூகத்தில் ஒரு சொல் இரண்டு தலைமுறை எழுதப்படாது விடுபட்டால், மூன்றாம் தலைமுறைக்கு அது அயற்சொல் ஆகிவிடும்.

குடும்பப்பெயர் என்னும் புதுத்தேவை

பட்டம் நீங்கிய தலைமுறையின் மக்கள் இன்று வேறொரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். கடவுச்சீட்டுப் படிவமும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் குடும்பப்பெயரைக் கேட்கின்றன. தமிழர் மரபில் ஊரும் தந்தை பெயரும் உண்டு. தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. எனவே சிலர் தந்தையின் பெயரையே அவ்விடத்தில் எழுதுகின்றனர். சிலர் 'ஜெயின்' என்று எழுதுகின்றனர்.

'ஜெயின்' என்று எழுதுவோரின் கருத்து நன்று. தம் சமயத்தை மறையாமல் கூறுகின்றனர். எங்குச் சென்றாலும் சமணர் என்று அறியப்படுகின்றனர். உணவு முறை பற்றித் தனியே விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அப்பெயரைக் கேட்போர் அவரை இராசத்தானத்தையோ குசராத்தையோ சார்ந்தவராகவே எண்ணுவர். தமிழ் அவர் தாய்மொழி என்பதும், சிந்தாமணியும் நீலகேசியும் நன்னூலும் அவர் முன்னோரின் அறத்தில் விளைந்தவை என்பதும் அப்பெயரில் புலப்படா. சமயத்தைக் குறிக்கப் படிவங்களில் தனி இடம் உண்டு. 2014ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடுவண் அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்த பின், சான்றிதழ்களில் சமயத்தைத் தெளிவாகக் குறிப்பது எளிதாயிற்று. ஆகவே சமயத்தைக் காட்டும் பொறுப்பைப் பெயர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் வேறொன்றைக் காட்டலாம். வந்த வழியைக் காட்டலாம்.

அவ்வகையில் 'நயினார்' என்பது குடும்பப்பெயராக அமையத் தகுதியுடைய சொல். அது தமிழ்ச்சூழலில் வளர்ந்தது, சாதியைக் குறியாதது, பொருளால் உயர்ந்தது, பல சமயத்தாருக்கும் பொதுவானதாதலின் எவரையும் விலக்காதது. முற்காலத்தில் இப்பட்டம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. மகளிர் பெயரின் பின் 'அம்மாள்' என்பதே வழங்கியது. இன்று மகளும் மகனும் ஒத்த நிலையில் கல்வி கற்கின்றனர். குடும்பப்பெயராக ஏற்கும்போது அது மகளுக்கும் உரியதாகும். இது மரபின் சிதைவு அன்று, வளர்ச்சி. அவ்வாறே முதலியார், செட்டியார், உடையார் என்னும் பட்டங்களையுடைய இல்லத்தார் தத்தம் ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்ளுதலும் சிறப்புடையது. வீடூர், பெருமண்டூர், தாயனூர் முதலிய ஊர்ப்பெயர்களும் வரலாறு உடையவையே.

இதனை எவரும் கட்டாயமாகக் கொள்ள வேண்டுவதில்லை. பெயரை மாற்றுதல் சான்றிதழ்களிலும் அலுவல்களிலும் தொல்லை தரக்கூடியது. கட்டாயமாகச் செய்யவேண்டியது வேறொன்று உண்டு.

எழுதி வைக்க வேண்டிய ஏடு

ஒவ்வோர் இல்லத்திலும் பழைய பத்திரங்கள், திருமண அழைப்பிதழ்கள், நோன்பு நிறைவின்போது கோயிலுக்கு அளித்த பாத்திரங்களில் பொறித்த பெயர்கள் ஆகியன எஞ்சியுள்ளன. அவற்றில் முன்னோர் பெயர் ஊரோடும் பட்டத்தோடும் முழுமையாகக் காணப்படும். பத்திரங்கள் செல்லரித்துப் போகின்றன. தேய்ந்த பாத்திரங்கள் புதியனவாக மாற்றப்படுகின்றன. நினைவுடைய முதியோரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பாட்டன், பூட்டன், ஓட்டன் ஆகியோரின் முழுப்பெயரையும், அவர்தம் ஊரையும், எந்த ஊரில் மணவுறவு கொண்டனர் என்பதையும், எந்த ஜினாலயத்தைச் சார்ந்திருந்தனர் என்பதையும், பட்டம் எப்போது எதனால் விடப்பட்டது என்பதையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். மகளிரின் பெயர்களையும் தவறாது எழுதுதல் வேண்டும். பழைய ஆவணங்களில் அவர்களே பெரிதும் விடுபட்டவர்கள். இதற்கு ஒரு விடுமுறை நாளும் ஒரு குறிப்பேடும் போதும். பல இல்லங்களின் ஏடுகள் ஒன்று சேருங்கால் அதுவே தமிழ்ச் சமணரின் வரலாற்று ஆவணம் ஆகும்.

அவ்வேடு இருப்பின், பேரன் தன் பெயரின் பின் எதனை எழுதினாலும், அல்லது ஒன்றும் எழுதாது விட்டாலும் இழப்பு இல்லை. தன் முன்னோர் எப்பெயரால் அழைக்கப்பட்டனர், அதன் பொருள் என்ன என்று அவன் அறிவான், கேட்போருக்கும் கூறுவான்.

நயினார் என்றால் தலைவர். சமண அறத்தில் தலைமை என்பது பிறரை ஆளுதலால் வருவதன்று. புலன்களையும் சினத்தையும் வென்று தன்னை ஆளுதலால் வருவது. அவ்வாறு வென்றமையாலேயே தீர்த்தங்கரர் 'ஜினர்' எனப்பட்டனர். திருப்பருத்திக்குன்றத்துக் கல்வெட்டில் நாயனார் எனக் குறிக்கப்பட்டவரும் அவரே. விழாநாளில் அவர் திருமுன் நின்று வழிபடும் இல்லத்தார், தம் பெயரில் உள்ள அல்லது இருந்த அச்சொல்லின் பொருளைத் தம் மக்களுக்கு ஒருமுறையேனும் எடுத்துக் கூறுவாராக.